இடம் சிறிது, சேகரிப்பு பெரிது!

அஞ்சல் தலை சேகரிப்பு என்றதும், எது அரியது, எது எத்தனை வெள்ளிக்கு விலை போகும் என்பதிலேயே பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால், தொலைக்காட்சிக் கலந்துரையாடலுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டபோது நேயர்களின் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. "சேர்த்துக்கொண்டே போகிறோம், வைப்பதற்கு இடமில்லை. என்ன செய்வது?"

சுங்கை பினாங் அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கும் ஐயா ஒருவர் இப்படிச் சொன்னார்: "அறுநூறு, எழுநூறு சதுர அடி வீடு. ஐந்து பேர் இருக்கிறோம். என் ஆல்பங்களுக்கு அலமாரியில் ஒரே ஒரு தட்டுதான். அதுவும் வீட்டுக்காரம்மாவின் தயவு!"

அரங்கமே சிரித்தது. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. நம் நாட்டில் பல நல்ல சேகரிப்புகள் திருடு போய் அழிவதில்லை. இடமில்லை என்று கட்டிலுக்கடியில் தள்ளிய பெட்டிக்குள்ளேயே ஈரத்தில் ஒட்டி, பூஞ்சணம் பூத்து, ஒரு நாள் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகின்றன. முப்பது ஆண்டு உழைப்பு மூன்று மழைக்காலத்தில் போய்விடும்.

அந்த ஐயாவுக்குச் சொன்ன பதிலையே இங்கு விரிவாகத் தருகிறேன். ஓர் அலமாரித் தட்டு போதும். ஆனால் அந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் முடிவு, பிறகு அலமாரி

உலகத்தில் உள்ள எல்லா அஞ்சல் தலைகளையும் சேர்க்க முயன்றவர் ஒருவர் இருந்தார். பாரிஸில் வாழ்ந்த பிலிப் ஃபெராரி என்ற பெருஞ்செல்வந்தர். அவரிடம் இல்லாத அரிய தலையே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சேர்த்தார். சேகரிப்பை பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்திற்கு எழுதி வைத்துவிட்டு 1917-இல் இறந்தார். அது முதல் உலகப் போர்க் காலம். பிரெஞ்சு அரசு சேகரிப்பைப் பறிமுதல் செய்து, 1921-ஆம் ஆண்டு முதல் பல ஏலங்களில் துண்டு துண்டாக விற்றுவிட்டது.

அதே காலத்தில் வாழ்ந்த இன்னொரு சேகரிப்பாளர் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். பணத்துக்கோ இடத்துக்கோ அவருக்குக் குறைவில்லை. இருந்தும், பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் மட்டும் போதும் என்று எல்லை வகுத்துக்கொண்டார். 328 சிவப்பு ஆல்பங்களில் அடங்கிய அந்தச் சேகரிப்பு இன்றும் அரச குடும்பத்திடம் கட்டுக்குலையாமல் இருக்கிறது. அரண்மனையில் வாழ்ந்தவரே எல்லை போட்டுக்கொண்டார் என்றால், அடுக்குமாடியில் வாழும் நமக்குச் சொல்லவும் வேண்டுமா?

எல்லை வகுப்பது எப்படி? பினாங்கில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு தலைப்பு இருக்கிறது: பினாங்கின் அஞ்சல் வரலாறு. 1867-க்கு முன்பு நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் நிர்வாகத்தில் இருந்தன. அப்போது இங்கே புழங்கியவை இந்திய அஞ்சல் தலைகள்தாம். 'பி 147' என்ற முத்திரை விழுந்த பழைய இந்தியத் தலை கிடைத்தால், அது பினாங்கில் பயன்பட்டது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். 1867 செப்டம்பரில் அதே இந்தியத் தலைகளின் மேல் கிரீடமும் காசு மதிப்பும் அச்சிட்டு நீரிணைக் குடியேற்றங்களின் முதல் அஞ்சல் தலைகளை வெளியிட்டார்கள்.

1942-இல் ஜப்பானியர் வந்தபோது, இருந்த தலைகளின் மீது முதலில் அதிகாரிகளின் முத்திரையைக் குத்தினார்கள். பிறகு 'டாய் நிப்பான் 2602 பினாங்' என்று மேலச்சு அடித்தார்கள். 2602 என்பது ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1942. போர் முடிந்தபின் 1948-இல்தான் மேலச்சாக இல்லாமல், பினாங்கின் பெயரையே தாங்கிய தலைகள் வந்தன. இத்தனை வரலாறும் ஒரே ஆல்பத்தில் அடங்கும். ஜப்பானியர் கால மேலச்சுகளில் போலிகள் நிறைய உலவுகின்றன. அனுபவசாலியிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

தமிழர் என்ற தலைப்பையும் எடுத்துக்கொள்ளலாம். இந்திய அஞ்சல் துறை 1960-இல் திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும், 1972-இல் வ.உ.சிதம்பரனாருக்கும், 1976-இல் காமராசருக்கும் அஞ்சல் தலை வெளியிட்டது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே சேர்க்க இதைவிட நல்ல தலைப்பு ஏது?

"அப்படியானால் இத்தனை நாள் சேர்த்த மற்றதை எல்லாம் தூக்கிப் போடவா?" என்று ஓர் அம்மா கேட்டார். வேண்டாம் அம்மா! தலைப்புக்குள் வராதவற்றை மாற்றிக்கொள்ளுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்கள் தட்டில் இடம் பிடிக்க அவற்றுக்கு உரிமையில்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஏ4 அளவுள்ள ஸ்டாக் புக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16 தாள், அதாவது 32 பக்கம். பக்கத்திற்கு 9 வரிசை. தினசரி உபயோகத்துக்கான சிறிய தலைகள் என்றால் ஒரு பக்கத்தில் நெருக்காமலே 60 வரை வைக்கலாம். புத்தகம் முழுக்க ஏறக்குறைய 1,900 தலைகள்! புத்தகத்தின் கனமோ மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். பெரிய நினைவுத் தலைகள் என்றால் இதில் பாதிகூட வராது. அப்படிப் பார்த்தாலும், மூன்று அடி நீளத் தட்டில் இருபது புத்தகம் நிற்கும். சாதாரண மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்ப்பதை அதில் வைக்கலாம்.

பிறகு ஏன் இடம் போதவில்லை? பாதி இடத்தை அடைப்பவை இரட்டைப் பிரதிகளும், இன்னும் பிரிக்காத உறைகளும், காலியான ஆல்பப் பக்கங்களும்தான். ஆகவே, சேகரிப்பை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிலையான சேகரிப்பு. இதற்கு மட்டும்தான் ஸ்டாக் புக். தலைப்புக்கு ஒரு புத்தகம். புத்தக முதுகில் பெயரும் ஆண்டும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.

இரண்டாவது, காத்திருப்புப் பெட்டி. புதிதாக வந்தவை, இன்னும் அடையாளம் காணாதவை எல்லாம் இதில். பெட்டி நிரம்பினால் அந்த வாரமே பிரித்துவிட வேண்டும். இரண்டாவது பெட்டி வைப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொள்ளுங்கள்!

மூன்றாவது, மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் இரட்டைப் பிரதிகள். இவற்றுக்கு ஆல்பம் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். மெழுகுத்தாள் போல வழவழப்பாக இருக்கும் கிளாசின் உறைகளில் போட்டு, மேல் ஓரத்தில் நாட்டையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி, சப்பாத்துப் பெட்டியில் அட்டைகளைப் போல நிற்க வையுங்கள். ஒரு பெட்டியில் பல ஆயிரம் தலைகள் அடங்கும். தேடுவதும் சுலபம். கிளாசின் தாள் நாளடைவில் மஞ்சளாகி அமிலம் ஏறும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். உயர்ந்த தலைகளை அதில் நிரந்தரமாக வைக்கக் கூடாது.

வரிசைப்படுத்த நம் நாட்டு மாநிலத் தலைகளையே உதாரணமாகப் பார்ப்போம். 1965-இல் ஆர்கிட் மலர்கள், 1971-இல் வண்ணத்துப்பூச்சிகள், 1979-இல் மலர்கள் என்று வந்த வரிசைகளில், மாநிலத்திற்கு 7 தலை வீதம் 13 மாநிலங்களுக்கு 91 தலைகள். இதை மாநிலம் மாநிலமாகப் பிரித்தால் 13 இடத்தில் சிதறும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் காலி இடம் விட வேண்டி வரும். வரிசை வாரியாக வைத்தால் 91 தலைகளும் எதிரெதிர் இரண்டு பக்கங்களில் அமர்ந்துவிடும். எது குறைகிறது என்பதும் ஒரே பார்வையில் தெரியும். நெட்டுக்கு மாநிலம், குறுக்குக்கு மதிப்பு. பள்ளி வாய்ப்பாடு மாதிரிதான்.

முதல்நாள் உறைகளைப் பெரிய ஆல்பத்தில் பக்கத்துக்கு இரண்டாக வைப்பது பார்வைக்கு அழகு, இடத்துக்குக் கேடு. உறை அளவுக்குப் பொருந்தும் அட்டைப் பெட்டியில் ஆண்டு வாரியாக நிறுத்தி வைத்தால், நூறு உறைகள் ஒரு சாண் நீளத்தில் அடங்கிவிடும்.

ஈரம்தான் எதிரி

இடப் பற்றாக்குறையைவிடப் பெரிய எதிரி நம் காற்றிலேயே இருக்கிறது. பினாங்கின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அஞ்சல் தலைக்கு உகந்தது 40 முதல் 55 வரை. 65-ஐத் தாண்டினாலே பூஞ்சணத்திற்குக் கொண்டாட்டம். தலைகளின் ஓரத்தில் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். ஒரு தலையில் வந்தது பக்கத்துத் தலைக்கும் பரவும். புள்ளி கண்ட தலையை உடனே பிரித்துத் தனி உறையில் வையுங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, குளியலறைக்குப் பின்புறச் சுவர், சமையலறை, கட்டிலுக்கடி ஆகிய நான்கும் ஆகாத இடங்கள். வெளிச்சுவர் மழையில் ஊறும். சமையலறையில் ஆவியும் எண்ணெயும். கட்டிலுக்கடியில் காற்றோட்டமே கிடையாது. வீட்டின் நடுச்சுவரை ஒட்டிய அலமாரியில், தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், வெயில் படாத தட்டுதான் நல்ல இடம்.

புத்தகங்களைப் படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அழுத்தமும் ஈரமும் சேர்ந்தால், பயன்படுத்தாத தலைகளின் பின்புறப் பசை பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். நூலகத்தில் இருப்பதுபோல் நிற்க வையுங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். மாதம் ஒருமுறை, மழையில்லாத நாளில் எடுத்துப் பக்கங்களைப் புரட்டிக் காற்றுப்பட விடுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

விலையுயர்ந்தவற்றைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். நிறம் மாறும் வகையாக வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றையும் உள்ளே போட்டுவையுங்கள். 40-க்குக் கீழே இறங்கினால் பொட்டலத்தைக் குறைத்துவிடுங்கள். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் பசை வெடித்துத் தலை சுருளும். வசதியுள்ளவர்கள், புகைப்படக் கருவிகள் வைக்கும் மின்சார ஈரநீக்கிப் பெட்டியை வாங்கலாம்.

பேரங்காடியில் துணி அலமாரிக்கென்று விற்கும், தண்ணீர் சேரும் ஈர உறிஞ்சி டப்பாவை ஆல்பத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் முழுவதும் ஆல்பத்தில்தான்! ஈரத்தை இழுக்கட்டும் என்று துணியில் அரிசியைக் கட்டி வைப்பதும் வேண்டாம். அது பூச்சிகளுக்கு விருந்து. இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் காகிதமும் பசையும் ஏற்கெனவே பிடித்த உணவு. அந்துருண்டை போட்டால் தலைகளிலோ பிளாஸ்டிக் உறைகளிலோ நேரடியாகப் படக் கூடாது.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது ரப்பர் பொம்மைபோல் வாடை வந்தால் அது பெரும்பாலும் மெதுபி.வி.சி. நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் தலையின் நிறத்தைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். தலையைத் தொடுவதற்கு விரலுக்குப் பதில் முனை மழுங்கிய இடுக்கி. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஊறப்போடுமுன் ஒரு நிமிடம்

உறையிலிருந்து தலையைப் பிரிக்கத் தண்ணீரில் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. சுத்தமான தண்ணீர், பதினைந்து இருபது நிமிடம், தானாகக் கழன்று வரும்வரை பொறுமை. பிறகு வெள்ளைத் தாளில் முகம் கவிழ்த்துக் காயவைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓரிரவு. நம் ஊர்க் காற்றில் முழுதாகக் காய்ந்தது என்று உறுதியாகாமல் ஆல்பத்தில் வைக்கவே கூடாது. அச்சு மை படியும் என்பதால் செய்தித்தாள் மேல் காயவைக்க வேண்டாம். அதில் படிப்பதற்கு இந்தப் பக்கம் இருக்கிறது!

ஆனால், பாட்டனார் காலத்து நீரிணைக் குடியேற்றத் தலைகள் கையில் இருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். அவற்றில் ஊதா, பச்சை நிறத் தலைகள் பலவும் தண்ணீர் பட்டால் கரையும் மையில் வேண்டுமென்றே அச்சிடப்பட்டவை. முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டுபவர்களைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. இன்று மாட்டிக்கொள்வது நாம்தான். சிவப்பு, நீல நிறக் கடித உறைகளின் சாயமும் தலையில் இறங்கும். தானே ஒட்டிக்கொள்ளும் வகைத் தலைகள் பல தண்ணீரில் கழல்வதில்லை. அவற்றைச் சுற்றிலும் சிறிது தாள் விட்டு வெட்டி, தாளோடு வைத்துக்கொள்வதே நல்லது.

வெள்ளத்தை மறக்கலாமா?

சுங்கை பினாங் வாசிகளுக்கு ஆற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல் மழையில் ஜார்ஜ்டவுனின் தாழ்வான பகுதிகள் எப்படி மூழ்கின என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். தரை வீட்டிலும் முதல் மாடியிலும் இருப்பவர்கள் ஆல்பங்களை அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கவே கூடாது. கைப்பிடியுள்ள ஒரு மூடு பெட்டியில் முக்கியமான புத்தகங்களை வைத்திருந்தால், பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரங்களோடு அதையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம்.

அப்படியும் நனைந்துவிட்டால்? பதற்றத்தில் ஒட்டிய தலைகளைப் பிய்க்காதீர்கள். பயன்படுத்தாத தலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாகப் பிரிந்தபின் காயவையுங்கள். பசை போகும், மதிப்பும் குறையும், ஆனால் தலை பிழைக்கும். மை கரையும் பழைய தலைகளை மட்டும் தண்ணீரில் போடாமல், ஒற்றுத்தாளில் வைத்து விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

உறையை வெட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, பழைய கடித உறைகளிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுகிறோம். நம்மவர்கள் இழந்துகொண்டிருக்கும் பெரிய செல்வம் இதுதான்.

'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களைக் கொண்டுவந்த காலம் 1973 வரை நீடித்தது. அந்தக் கால ஊர்க் கடிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரின் முத்திரை. தேதி. முகவரியில் தோட்டத்தின் பெயர், லயத்து எண். பின்புறம் பினாங்கு வந்து சேர்ந்த முத்திரை. தலையை வெட்டி எடுத்தால் கையில் இருப்பது சில காசு பெறும் ஒரு துண்டு. முழு உறையாக வைத்திருந்தால், அது ஒரு குடும்பம் எங்கிருந்து வந்து எங்கே குடியேறியது என்பதற்கான சான்று. அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றின் பெயர் மிஞ்சியிருப்பது இந்த உறைகளில்தான். சேகரிப்பாளர்கள் மத்தியிலும் முத்திரை தெளிவான முழு உறைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆகவே, இடம் பற்றவில்லை என்றால் வேறு எதையாவது குறையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கடிதத்தைக் கையில் கொடுத்து, "தாத்தா, இது யார் எழுதியது?" என்று கேட்டு, பதிலை ஒரு சீட்டில் எழுதி உறையோடு வையுங்கள். உறையின் மேல் எழுத வேண்டாம்.

பட்டியலும் வாரிசும்

ஒரு நோட்டுப் புத்தகத்திலோ கணினியிலோ பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நாடு, ஆண்டு, பட்டியல் எண், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், வாங்கிய விலை. ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற விலைப்பட்டியல்களில் ஒவ்வொரு தலைக்கும் எண் உண்டு. அதையே பயன்படுத்தினால் உலகில் எந்தச் சேகரிப்பாளருக்கும் புரியும். பட்டியல் இருந்தால் அஞ்சலகத்திலோ கடையிலோ இருப்பதையே மறுபடி வாங்க மாட்டீர்கள். கைபேசியில் பக்கங்களைப் படம் பிடித்து வைப்பதும் நல்லது. தட்டில் இடம் பிடிக்காத நகல் அது.

கடைசியாக ஒன்று. உங்களுக்குப் பின் இந்தத் தட்டு யாருக்கு? ஃபெராரி உயில் எழுதியும் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. எழுதாமலே போனால் என்னாகும்? வீட்டிலுள்ளவர்களுக்கு மதிப்பு தெரியாவிட்டால், பழைய பேப்பர்காரரின் தராசில் எடைக்குப் போகும். எது முக்கியமானது, யாரிடம் கேட்டு விற்க வேண்டும், எதை எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதி முதல் ஆல்பத்தின் உள்ளட்டையில் செருகி வையுங்கள். அதைவிட மேலானது, மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டும் நாளில் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது. காற்றும் படும், கதையும் போய்ச் சேரும்.

அடுத்த கலந்துரையாடலில் வேறொரு தலைப்போடு சந்திப்போம். அதுவரை, ஆல்பங்கள் நிற்கட்டும், உறைகள் முழுசாக இருக்கட்டும்.